பழைய துணி வாணிபம்: தரமும் உழைப்பும்

ஒருவர் உடுத்திக் கழித்த ஆடையை மற்றொருவர் விலை கொடுத்து வாங்குவது வறுமையின் அடையாளம் என்றே நம் நாட்டில் நெடுங்காலமாகக் கருதப்பட்டு வந்துள்ளது. பழம்புத்தகத்தையும் பழைய மிதிவண்டியையும் தயக்கமின்றி வாங்குவோர்கூடப் பழைய துணி என்றதும் பின்வாங்குவர். ஆயினும் பழைய துணி வாணிபம் இந்திய நகரங்களில் பல தலைமுறைகளாக நடைபெற்று வரும் ஒரு தொழில். ஆயிரக்கணக்கான குடும்பங்கள், சிறப்பாகப் பெண்கள், அதனைக் கொண்டே வாழ்கின்றனர். குறைந்த வருவாயுள்ள தொழிலாளருக்கு நல்ல துணியைக் கட்டுப்படியாகும் விலையில் அளிப்பதும் அத்தொழிலே.

வீட்டில் ஒதுக்கப்பட்ட சட்டை, ஒதுக்கப்பட்ட நிலையிலேயே மறுபடியும் பண்டமாகிவிடுவதில்லை. அதனைத் திரட்ட வேண்டும். தரம் பிரிக்க வேண்டும். வெளுத்து, கிழிசல் தைத்து, பெட்டி போட வேண்டும். உரியவரிடம் கொண்டு சேர்க்க வேண்டும். புதிய துணியின் தரம் ஆலையில் உருவாகிறது. பழைய துணியின் தரமோ பெரும்பாலும் இந்தக் கைகளில் உருவாகிறது. நல்ல பழைய ஆடையை வாங்குவோர் கொடுக்கும் பணத்தின் பெரும்பகுதி இவ்வுழைப்பின் விலையே எனலாம். இதனை உணர்ந்தாலன்றி இத்தொழிலின் பொருளாதாரத்தையும் அதற்குத் தேவையான பாதுகாப்பையும் விளங்கிக்கொள்ள இயலாது.

பாத்திரத்துக்குத் துணி

குஜராத்தைப் பிறப்பிடமாகக் கொண்ட வாக்ரி சமூகத்தினர் வட இந்திய, மேற்கிந்திய நகரங்களில் பழைய துணி திரட்டுவதையே தொழிலாகக் கொண்டவர்கள். தேவிபூஜக் என்ற பெயராலும் இச்சமூகம் அறியப்படுகிறது. இதன் பெண்கள் எவர்சில்வர் பாத்திரங்களைக் கூடையிலோ மூட்டையிலோ சுமந்து தெருத்தெருவாகச் செல்கின்றனர். வீட்டுப் பெண்மணி கொடுக்கும் புடவை, சட்டை, கால்சட்டை முதலியவற்றுக்கு ஈடாக ஒரு வாளியோ கிண்ணமோ தட்டோ கொடுக்கின்றனர். பணம் கைமாறுவதில்லை. தமிழகத் தெருக்களிலும் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் வழக்கம் இருந்து வந்தமை பலரும் அறிந்ததே.

இந்தப் பண்டமாற்று எளிதாகத் தோன்றினும் அதில் நுட்பமான கணக்கு உண்டு. பாத்திரத்தை அப்பெண் மொத்த வியாபாரியிடம் பெரும்பாலும் கடனாகப் பெற்றிருப்பார். அன்று கிடைக்கும் துணி சந்தையில் என்ன விலைக்குப் போகும் என்பதை வாசலில் நின்றபடியே, சில நிமிடங்களில் மதிப்பிட வேண்டும். பட்டுப் புடவையில் சரிகை உண்மையானதா, கால்சட்டையின் முழங்காற்பகுதி நைந்துள்ளதா, சட்டையின் கழுத்துப்பட்டி தாங்குமா என்பனவற்றைக் கண்ணாலும் விரலாலும் அறிகிறார். மதிப்பீடு தவறினால் அன்றைய ஊதியம் போய்விடும். பாத்திரக் கடன் மட்டுமே நிற்கும்.

கொடுப்பவருக்கும் இம்முறையில் ஒரு வசதி உண்டு. பழைய துணியைத் தானமாகக் கொடுப்பதில் உயர்வு தாழ்வு என்ற உணர்வு கலந்துவிடுகிறது. காசுக்கு விற்பதோ பலருக்குக் கூச்சம் தருகிறது. பாத்திரம் பெறும்போது அது கொடுக்கல் வாங்கல் ஆகிவிடுகிறது. பீரோவில் இடம் அடைத்திருந்த துணி சமையலறைக்குப் பயன்படும் பொருளாக மாறுகிறது. இவ்வாணிபம் நிலைபெற்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

விடியுமுன் கூடும் சந்தை

மேற்கு தில்லியிலுள்ள ரகுபீர் நகரில் இத்தொழிலின் அடுத்த கட்டத்தைக் காணலாம். தெருத்தெருவாகச் சென்று திரட்டிய துணிகளைப் பெண்கள் இங்குள்ள சந்தைக்குக் கொண்டுவருகின்றனர். கோடா மண்டி, அதாவது குதிரைச் சந்தை, என்பது அதன் வழக்குப் பெயர். பொழுது விடியுமுன்னரே வியாபாரம் தொடங்கிவிடுகிறது. அண்டை மாநிலங்களிலிருந்தும் சிறு வியாபாரிகள் இங்கு வந்து வாங்கிச் செல்கின்றனர். காலை முற்றியதும் பெண்கள் அடுத்த சுற்றுக்குக் குடியிருப்புப் பகுதிகளை நோக்கிப் புறப்படுகின்றனர்.

சந்தையில் துணி ஒரே குவியலாக விற்கப்படுவதில்லை. சிறிதும் பழுதில்லாத ஆடை ஒரு தரம். பொத்தான் தைத்தோ கிழிசல் ஒட்டியோ உடுத்தத்தக்கதாக்கக் கூடியது அடுத்த தரம். கால்சட்டைகளை வாங்குவோர் வேறு, புடவைகளை வாங்குவோர் வேறு. வெளுப்போரும் சாயமிடுவோரும் தையற்காரரும் இவர்களை அடுத்து வருகின்றனர். இவ்வாறு செப்பனிடப்பட்ட ஆடைகள் வாரச்சந்தைகளிலும் நடைபாதைக் கடைகளிலும் கட்டடத் தொழிலாளர், ரிக்‌ஷா ஓட்டுநர், சிற்றூர் மக்கள் ஆகியோரைச் சென்றடைகின்றன.

உடுத்த இயலாதவையும் வீணாவதில்லை. பட்டுப் புடவையின் நல்ல பகுதிகள் வெட்டப்பட்டுத் திண்டு உறைகளாகவும் பைகளாகவும் பாவாடைகளாகவும் மாறுகின்றன. இவற்றுள் ஒரு பகுதி வெளிநாட்டுச் சந்தைக்கும் போகிறது. மெல்லிய பருத்தித் துணி, எண்ணெய் துடைக்கும் துணியாகப் பட்டறைகளுக்குச் செல்கிறது. வங்காளத்தின் காந்தா, குஜராத், மகாராஷ்டிரப் பகுதிகளின் கோதடி ஆகியவை பழைய புடவைகளையும் வேட்டிகளையும் அடுக்கித் தைத்த போர்வைகளே. துணியின் கடைசி இழைவரை பயன்கொள்ளும் இப்பழக்கம் இந்திய இல்லங்களுக்குப் புதியதன்று.

ஒரு சங்கம் பிறந்த வரலாறு

பழைய துணி விற்ற பெண்களே இந்தியத் தொழிலாளர் இயக்க வரலாற்றில் ஒரு திருப்பத்துக்குக் காரணமாயினர் என்பது பலர் அறியாத செய்தி. அகமதாபாத் நகரில் ஜவுளித் தொழிலாளர் சங்கத்தின் மகளிர் பிரிவுக்கு அப்போது தலைமை வகித்தவர் இளா பட். துணிச்சந்தையில் தலைச்சுமை சுமந்த பெண்கள் தங்கள் கூலிக் குறைகளை அவரிடம் எடுத்துரைத்துப் பயன் கண்டனர். இதனைக் கேள்வியுற்ற பழைய துணி வியாபாரப் பெண்களும் அவரை நாடினர். அவர்களுடைய நிலை குறித்து ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. பின்னர் பொதுப் பூங்கா ஒன்றில் நடந்த கூட்டத்துக்கு இத்தொழிலைச் சேர்ந்த சுமார் 100 பெண்கள் வந்தனர். தங்களுக்கென ஒரு சங்கம் வேண்டும் என்ற யோசனையைக் கூட்டத்திலிருந்த பெண் ஒருவரே முன்வைத்தார். 1971ஆம் ஆண்டு டிசம்பரில் சேவா எனப்படும் சுயதொழில் மகளிர் சங்கம் இவ்வாறு தோன்றியது.

சங்கத்தைப் பதிவு செய்வது எளிதாக இல்லை. முதலாளி என்று ஒருவர் இல்லாதபோது தொழிற்சங்கம் எவரை எதிர்த்துப் போராடும் என்பது தொழிலாளர் துறையினர் எழுப்பிய கேள்வி. சங்கம் என்பது போராடுவதற்கு மட்டுமன்றித் தொழிலாளர் ஒன்றுபடுவதற்கும் உரியது என்று வாதாடிய பின்னரே 1972 ஏப்ரலில் பதிவு கிடைத்தது. அடுத்து எழுந்தது கடன் பிரச்சினை. உயர்ந்த வட்டிக்குக் கடன் வாங்கியே இப்பெண்களில் பலர் சரக்கெடுத்தனர். வங்கிகள் இவர்களை அருகில் சேர்க்கவில்லை. 1974ஆம் ஆண்டில் 4,000 பெண்கள் ஆளுக்கு 10 ரூபாய் பங்குத்தொகை செலுத்திச் சேவா கூட்டுறவு வங்கியைத் தோற்றுவித்தனர்.

பழைய துணி வாணிபத்தில் சரக்கைப் போலவே கைமுதலும் இடமும் இன்றியமையாதவை என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. கைமுதல் இல்லாதவர் பாத்திரக் கடனுக்குக் கட்டுப்பட்டு, திரட்டிய துணியை அன்றே, கேட்ட விலைக்குத் தள்ளிவிட நேரிடுகிறது. துணியை வெளுத்துத் தைத்து விற்றால் கிடைக்கக்கூடிய கூடுதல் வருவாய் அவரைவிட்டு அடுத்தவர் கைக்குப் போய்விடுகிறது. இடம் இல்லாதவருக்கோ நிலையான வாடிக்கையாளர் இல்லை.

பானிபட்டும் காண்ட்லாவும்

உள்நாட்டு வாணிபத்தினின்றும் வேறுபட்டது இறக்குமதியாகும் பழந்துணி. உடுத்தத்தக்க நிலையிலுள்ள பழைய ஆடைகளை இந்தியாவுக்குள் தாராளமாகக் கொண்டுவர இயலாது. அவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. செல்வ நாடுகளில் கழிக்கப்பட்ட ஆடைகள் மலிவு விலையில் குவிந்தால் உள்நாட்டு நெசவும் பின்னலாடைத் தொழிலும் தையல் தொழிலும் பாதிக்கப்படும் என்பது இதன் காரணம். உடுத்த இயலாதவாறு வெட்டிச் சிதைக்கப்பட்ட கந்தல்கள் வேறு வகையாகக் கருதப்படுகின்றன. அவை தொழிலுக்கான மூலப்பொருளாக வரலாம்.

ஹரியானா மாநிலத்தின் பானிபட் நகரம் இத்தகைய கம்பளிக் கந்தலைக் கொண்டே பெயர் பெற்றது. குளிர்நாடுகளிலிருந்து வரும் மேலங்கிகளும் கம்பளிச் சட்டைகளும் இங்கு நிறவாரியாகப் பிரிக்கப்படுகின்றன. பொத்தான், பல்லிணைப்பு, உட்துணி முதலியன அகற்றப்பட்டபின் எந்திரத்தில் கிழித்து இழையாக்கப்படுகின்றன. ஒரே நிறத்துக் கந்தல் ஒன்றாகச் செல்வதால் புதிதாகச் சாயமிட வேண்டிய தேவை பெரிதும் குறைகிறது. இவ்விழையை மீண்டும் நூற்று நெய்தால் ஷாடி எனப்படும் கம்பளம் கிடைக்கிறது. இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியிலுள்ள பாட்லி நகரில் 1813ஆம் ஆண்டளவில் உருவான தொழில்நுட்பம் இது. வெள்ளம், நிலநடுக்கம் முதலிய பேரிடர்களின்போது வழங்கப்படும் மலிவான கம்பளிகளில் பல இவ்வாறு பழைய ஆடையிலிருந்து பிறந்தவை.

இத்தொழிலுக்கும் இடர்ப்பாடுகள் உண்டு. பாலியெஸ்டர் இழையாலான மென்மையான போர்வைகள் மலிந்தபின் ஷாடி கம்பளிக்கான தேவை குறைந்தது. பானிபட்டின் ஆலைகள் பல அந்தப் போர்வைகளைத் தயாரிப்பதற்கே மாறின. கந்தலைப் பிரித்துக் கிழிக்கும் இடங்களில் பறக்கும் தூசி தொழிலாளரின் நுரையீரலுக்குத் தீங்கு விளைவிப்பது. மறுபயன்பாடு என்ற காரணத்தால் மட்டுமே ஒரு தொழில் தூய்மையானதாகிவிடாது. காற்றோட்டமும் முகக்காப்பும் அங்கும் கட்டாயத் தேவைகளே.

குஜராத்தின் காண்ட்லா சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் உள்ள தொழிலகங்கள் வேறு வகையைச் சேர்ந்தவை. வெளிநாட்டுப் பழைய ஆடைகள் இங்கு வந்து தரம் பிரிக்கப்பட்டு, உடுத்தத்தக்கவை ஆப்பிரிக்க நாடுகள் முதலியவற்றுக்கு மறு ஏற்றுமதி செய்யப்படுகின்றன. பிரிக்கும் மேசைகளில் பணிபுரிவோருள் பெண்களே மிகுதி. ரகுபீர் நகரானாலும் காண்ட்லாவானாலும் தரத்தை நிர்ணயிப்பது துணியைத் தொட்டுப் பார்த்துப் பழகிய கையே.

தரம் அறிந்து வாங்கும் முறை

வாங்குவோரும் அக்கலையில் ஒரு பகுதியைக் கற்றுக்கொள்ளலாம். முதலில் பார்க்க வேண்டியது நெசவு. துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நைந்த இடங்கள் மெல்லியதாகத் தெரியும். அக்குள், முழங்கை, முழங்கால், உட்காரும் பகுதி, தொடைகளின் உட்பக்கம், கழுத்துப்பட்டியின் மடிப்பு ஆகிய இடங்களிலேயே ஆடை முதலில் தேயும். இவ்விடங்கள் உறுதியாக இருந்தால் மற்றப் பகுதிகள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். தையலை இரு பக்கமும் மெதுவாக இழுத்துப் பார்த்தல் வேண்டும். நூல் மட்டும் அறுந்திருந்தால் அது எளிதில் சீராகும். தையலோரத்தில் துணியே விலகியிருந்தால் சீராகாது.

கறையில் வேறுபாடு உண்டு. சேறு, உணவு முதலியவற்றின் கறை பெரும்பாலும் நீங்கும். நெடுநாள் படிந்த வியர்வையின் மஞ்சள் கறையும் துருக்கறையும் அரிதாகவே நீங்கும். பட்டாயின் மடிப்புகளை விரித்துப் பார்க்க வேண்டும். நெடுங்காலம் ஒரே மடிப்பில் இருந்த பட்டு அவ்விடத்திலேயே இற்றுப்போயிருக்கும். கம்பளியாயின் பூச்சி அரித்த துளைகள் உள்ளனவா என்று காண வேண்டும். துணி எவ்வகை என்ற ஐயம் எழுந்தால் தையலோரத்திலிருந்து ஓரிரு நூல்களை எடுத்து எரித்துப் பார்ப்பது பழைய முறை. பருத்தி காகிதம் எரியும் மணத்துடன் சாம்பலாகும். பட்டும் கம்பளியும் முடி பொசுங்கும் நாற்றம் தரும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணிபோல் ஆகும்.

பழைய ஆடையில் ஒரு நன்மையும் உண்டு. பலமுறை துவைத்தபின் சுருங்க வேண்டியது சுருங்கியிருக்கும். வெளுக்க வேண்டியது வெளுத்திருக்கும். வாங்கும்போது உள்ள அளவும் நிறமும் ஏறக்குறைய அவ்வாறே நீடிக்கும். விரைவில் வளரும் குழந்தைகளின் ஆடைகள், ஆண்டில் சில நாட்களே உடுத்தப்படும் குளிர்கால உடைகள், திருமணப் பட்டாடைகள் ஆகியவை தேயுமுன்னரே கைமாறுவன. ஆதலால் இவற்றில் நல்ல தரம் கிடைக்கும் வாய்ப்பு மிகுதி.

நோய் பற்றிய அச்சத்துக்கு விடை தூய்மையில் உள்ளது. வாங்கிய ஆடையை உடுத்துமுன் துணி தாங்கும் அளவுக்குச் சூடான நீரில் சோப்பிட்டுத் துவைத்து, நல்ல வெயிலில் முழுவதும் உலர்த்த வேண்டும். துவைக்க இயலாதவற்றைக் காற்றுப் புகாத பையில் குறைந்தது 3 நாட்கள், இயன்றால் ஒரு வாரம், மூடி வைத்தால் சொறிப்பூச்சி மனித உடலின்றி உயிர் பிழைப்பதில்லை. உள்ளாடைகளைப் பழையனவாக வாங்காதிருத்தலே நன்று.

விலையைப் பொறுத்தவரை, கொடுக்கும் தொகையை மட்டும் காண்பது போதாது. எடுத்துக்காட்டாக, 800 ரூபாய்க்கு வாங்கிய புதிய சட்டையை 40 முறை உடுத்தினால் ஒரு முறைக்கு 20 ரூபாய் ஆகிறது. அதே தரமுள்ள பழைய சட்டையை 200 ரூபாய்க்கு வாங்கி 25 முறை உடுத்தினால் ஒரு முறைக்கு 8 ரூபாய். 100 ரூபாய்தானே என்று வாங்கிய நைந்த சட்டை நான்கே முறையில் கிழிந்தால் ஒரு முறைக்கு 25 ரூபாய். அது புதியதைவிட விலை மிகுந்தது. மலிவு வேறு, சிக்கனம் வேறு என்பது இக்கணக்கால் விளங்கும்.

பிற பண்டங்களில் எச்சரிக்கை

துணியின் குறை கண்ணுக்குத் தெரியும். பிற பண்டங்களில் அவ்வாறன்று. மரச்சாமான், புத்தகம், பித்தளை, வெண்கலப் பாத்திரம் ஆகியவற்றைப் பழையனவாக வாங்குவதில் இடர் குறைவு. உயிர்க்காப்புக்கான பொருள்கள் இதற்கு நேர்மாறானவை. தலைக்கவசம் ஒருமுறை மோதுண்டிருந்தால் வெளியே அடையாளமின்றியே அதன் காப்புத்திறன் போயிருக்கலாம். எரிவாயு ரப்பர்க் குழாய், வாகன டயர் ஆகியவை பயன்படுத்தாமலே முதுமையடைவன. இவற்றைப் புதியனவாகவே வாங்க வேண்டும்.

மின்சாதனங்களில் வாங்கும் விலையுடன் இயக்கும் செலவையும் சேர்த்துக் கணக்கிடுதல் தேவை. பழைய குளிர்சாதனப் பெட்டி ஆண்டுக்கு 200 யூனிட் மின்சாரம் கூடுதலாக உட்கொள்ளுமாயின், யூனிட் 6 ரூபாய் என்று கொண்டால், ஐந்தாண்டுகளில் 6,000 ரூபாய் செலவாகும். எரிசக்தித் திறன் அமைப்பின் நட்சத்திர அளவுகோல் அவ்வப்போது கடுமையாக்கப்படுவதால் பழைய சாதனத்தின் நட்சத்திரங்களைப் புதியதன் நட்சத்திரங்களோடு நேராக ஒப்பிடலாகாது.

கைப்பேசி வாங்குவோர் அது திருட்டுப் பொருளன்று என்பதை உறுதி செய்துகொள்ளலாம். ஒவ்வொரு கைப்பேசிக்கும் உரிய 15 இலக்க அடையாள எண்ணை *#06# என்று அழுத்தி அறியலாம். அந்த எண் தடை செய்யப்பட்டதா என்பதைத் தொலைத்தொடர்புத் துறை 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் தொடங்கிய சஞ்சார் சாத்தி இணையதளம் காட்டும். வாகனமாயின் பதிவுச் சான்றில் பெயர் மாற்றம் செய்வது விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் காப்பு. வாகனத்தை விற்றுக் கைமாற்றிவிட்டபோதிலும், விபத்து இழப்பீட்டைப் பொறுத்தவரை பதிவேட்டில் பெயருள்ளவரே உரிமையாளராவார் என்று 2018ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளமை நினைவிற்கொள்ளத்தக்கது.

சட்டம் தரும் காப்பு

1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, தமக்கு உரிமையில்லாத பொருளை ஒருவர் விற்றால் வாங்கியவருக்கும் பொதுவாக உரிமை கிடைப்பதில்லை. திருட்டுப் பொருள் என்று அறிந்தோ, அவ்வாறு நம்பக் காரணமிருந்தோ அதனைப் பெறுவது குற்றமாகும். ஆதலால் விற்பவரின் பெயர், தேதி, தொகை ஆகியவை குறித்த சீட்டுப் பெறுவது நல்ல பழக்கம். கடைக்காரரிடமிருந்து சொந்த உபயோகத்துக்காக வாங்கிய பழைய பொருளில் மறைத்த குறை இருப்பின், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் முறையிட வழி உண்டு. சரக்கு, சேவை வரியிலும் ஒரு சலுகை காட்டப்பட்டுள்ளது. பழைய பொருளை வாங்கி விற்கும் பதிவுபெற்ற வணிகர், கொள்முதலுக்கு உள்ளீட்டு வரி வரவு எடுக்காதிருப்பின், விற்பனை விலைக்கும் கொள்முதல் விலைக்கும் உள்ள வேறுபாட்டின்மீது மட்டும் வரி செலுத்தலாம். ஒருமுறை வரி செலுத்திய பொருள் முழு விலைக்கும் மீண்டும் வரிக்குள்ளாவதை இது தவிர்க்கிறது.

நடைபாதை வியாபாரியின் உரிமை நெடுநாள் தெளிவற்றிருந்தது. தெருவில் வியாபாரம் செய்வது அரசியலமைப்பின் 19ஆவது பிரிவு தரும் தொழில் உரிமையுள் அடங்கும், நியாயமான கட்டுப்பாடுகளுக்கு அது உட்பட்டது என்று 1989ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் இதனை நடைமுறைக்குக் கொணர்ந்தது. நகர விற்பனைக் குழுக்களில் வியாபாரிகளின் பிரதிநிதிகள் 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருத்தல் வேண்டும். 50 ஆண்டுகளுக்கு மேல் நடந்துவரும் இயல்பான சந்தைகளை மரபுச் சந்தைகளாக அறிவிக்க வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் அட்டவணையில் இடம்பெற்றுள்ளது. சபர்மதி ஆற்றங்கரையில் ஞாயிறுதோறும் கூடும் அகமதாபாத் குஜரி போன்ற பழம்பொருள் சந்தைகளைக் கொண்டு பார்த்தால் இவ்விதியின் பொருள் விளங்கும். கைமுதலுக்கு 2020ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தொடங்கிய பிரதமர் ஸ்வநிதித் திட்டம் முதற்கடனாக 10,000 ரூபாய்வரை வழங்கியது. 2025ஆம் ஆண்டில் இவ்வரம்பு 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

நாட்டுக்கு வரும் நன்மை

ஒரு கிலோ பருத்தித் துணியை உருவாக்க, பயிர் முதல் சாயம் வரை, உலகச் சராசரியாக ஏறக்குறைய 10,000 லிட்டர் நீர் தேவை என்று நீர்ப்பயன்பாட்டு ஆய்வுகள் மதிப்பிட்டுள்ளன. இதில் மழைநீரும் அடங்கும். விளையும் இடத்துக்கேற்ப அளவும் மாறும். புதிய ஆடைக்குப் பதிலாகப் பழைய ஆடை ஒன்று உடுத்தப்படும்போது இந்நீரில் ஒரு பகுதியும் சாயக்கழிவும் எரிபொருளும் மிச்சமாகின்றன. இங்கு ‘பதிலாக’ என்ற சொல்லே முக்கியமானது. மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காகத் தேவையற்றதை வாங்கிக் குவித்தால் மிச்சம் ஏதுமில்லை.

பழைய துணி வளர்ச்சிப் பணிக்கும் உதவக்கூடும் என்பதற்குக் கூஞ்ச் அமைப்பு சான்றாகும். அன்ஷு குப்தா 1999ஆம் ஆண்டில் தொடங்கிய இவ்வமைப்பு நகரங்களில் திரட்டும் துணியைச் சிற்றூர்களில் இலவசமாக வழங்குவதில்லை. குளம் தூர்வாருதல், பாதை அமைத்தல் போன்று ஊரார் தாமே தேர்ந்தெடுத்துச் செய்யும் பணிக்கு ஊதியமாக வழங்குகிறது. பெறுபவரின் தன்மதிப்பைக் காக்கும் இம்முயற்சிக்காகக் குப்தாவுக்கு 2015ஆம் ஆண்டில் ரமோன் மகசேசே விருது அளிக்கப்பட்டது.

செய்ய வேண்டுவன

தெருத்தெருவாகச் சென்று துணி திரட்டும் பெண்ணே இச்சங்கிலியின் முதற்கண்ணி. மிகவும் நலிந்த கண்ணியும் அதுவே. காவலர் நிற்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாயில்கள் அவருக்குத் திறப்பதில்லை. 2020ஆம் ஆண்டின் ஊரடங்குக் காலத்தில் வீட்டு வாசலை நம்பிய இத்தொழில் அடியோடு நின்றுபோயிற்று. விரைவில் நைந்துபோகும் கலப்புத் துணிகள் பெருகியதால், திரட்டும் மூட்டையில் மறுபடி உடுத்தத்தக்கவற்றின் பங்கு குறைகிறது. மூட்டையின் கனமோ குறைவதில்லை.

இதற்கான வழிகள் பெருஞ்செலவு பிடிப்பன அல்ல. நகராட்சிகள் திடக்கழிவுத் திட்டம் வகுக்கும்போது பழைய துணி திரட்டுவோரையும் கணக்கில் கொண்டு அடையாள அட்டை வழங்கலாம். குடியிருப்போர் சங்கங்கள் மாதத்தில் ஒரு நாளை அவர்களுக்கு ஒதுக்கலாம். சந்தை கூடும் இடங்களில் கூரை, விளக்கு, குடிநீர், கழிப்பிடம் ஆகியவை அமைந்தால் விடியுமுன் வரும் பெண்களின் இன்னல் பெருமளவு குறையும். வெளுப்பதற்கும் தைப்பதற்கும் பொதுக்கூடம் ஒன்று கூட்டுறவு முறையில் கிடைக்குமாயின், திரட்டிய துணியை அன்றே தள்ளிவிடாமல் செப்பனிட்டு விற்று, அதன் கூடுதல் விலையை அவர்களே பெறலாம்.

துணியைக் கொடுப்போருக்கும் இதில் பங்குண்டு. துவைத்து, காயவைத்து, உடுத்தத்தக்கதைத் தனியே கட்டிக் கொடுத்தால் பிரிப்பவரின் உழைப்பு மிச்சமாகும்; துணியின் விலையும் கூடும். புதிய ஆடை வாங்கும்போதே நெசவும் தையலும் உறுதியானதைத் தேர்ந்தெடுப்பவர், அதை அடுத்து உடுத்தப்போகும் முகம் அறியாத ஒருவருக்கும் சேர்த்தே வாங்குகிறார்.